நர்சம்மாவை வழிமறித்த கதவு

நேற்று டிவி சீரியலில் ஒரு நர்ஸ், தலையில் வெள்ளைத் தொப்பியோடு, அங்கும் இங்கும் பார்த்துவிட்டு இரண்டு தொட்டில் பிள்ளைகளை மாற்றிப் போட்டாள். பின்னால் இடி இடித்தது.

"இப்பம் எந்த ஆஸ்பத்திரியிலப்பா தொப்பி போடுதாவ?" என்று மகள் சிரித்தாள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அவளுடைய வயசுதான் அந்த வேர்வைக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். உலகத்தைப் பாதிக்குமேல் மேலகரத்து டீக்கடை டிவியில்தான் படித்தேன். அதில் நர்சுக்கு இரண்டே வேலை. டாக்டர் பின்னால் தட்டோடு நிற்பது, இல்லையென்றால் பிள்ளையை மாற்றுவது.

சாரல் காலம். தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டெட்டாலும் ஈரக்குடையும் கலந்த வாசம். இன்றைக்கும் குற்றாலத்தில் யாராவது பக்கத்தில் குடையை மடக்கினால், நான் அந்த வராந்தாவில்தான் நிற்பேன். உள்ளே மனைவிக்குப் பிரசவ வலி. வெளியே நான் பண்பொழி முருகனுக்கு மொட்டை நேர்ந்தேன். யார் தலை என்று சொல்லாதது நினைவு வந்து, மறுபடி நேர்ந்தேன்.

கதவு திறந்தது. செங்கோட்டைக்கார நர்சம்மா, துணியில் சுற்றிய பிள்ளையோடு ஓடி வந்தார். பிள்ளையிடம் சத்தமே இல்லை. எனக்குக் காட்டாமல் ஓடுகிறாரே! வராந்தாக் கடைசியில் இருந்த கதவில் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"எங்க கொண்டு போறீய? முகத்தக் காட்டுங்க, அடையாளம் பாத்துக்கிடுதேன்."

"அண்ணாச்சி, பிள்ள அழல. ஆக்சிஜன் வைக்கணும், தள்ளுங்க!"

"டிவியிலயும் இப்படித்தான் சொல்லுதாவ."

"உம்ம பிள்ளைய மாத்தி நான் என்ன செய்ய? உம்ம மூக்குதான் அப்படியே இருக்கு. விலகும்வே!"

தோளால் ஒரே இடி. சுவரில் போய் விழுந்தேன். எவ்வளவோ நேரம் கழித்து உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு அழுகை.

பிறகு கூப்பிட்டுப் பிள்ளையின் கையைக் காட்டினார். மணிக்கட்டில் பிளாஸ்திரி, அதில் பேனாவால் என் மனைவியின் பெயர். "ஒட்டிட்டுத்தான் தூக்குனேன். வாசிக்கத் தெரியும்லா?"

தெரியும். ஆனால் அன்றைக்கு நான் அவர் கண்ணைத்தான் உற்றுப் பார்த்தேன், வில்லியா என்று.

மகள் கணக்கில் மார்க் குறைந்தபோதும், பண்பொழி மலைப்படியில் அவள் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதும் எனக்கு அந்தக் கதவுதான் நினைவு வரும், நான் மறித்ததாலோ என்று. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த ஆஸ்பத்திரி இப்போது ஜவுளிக்கடை. கதவு இருந்த இடத்தில் சேலை கட்டிய பொம்மை நிற்கிறது. நர்சம்மாவைத் தேடலாம் என்றால், பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. நான் மறித்து நின்றது எவ்வளவு நேரம்? அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.