ஒரு வாய் தேத்தண்ணி

சித்தப்பா கொழும்பில் பீங்கான் சாமான் செய்யும் இடமொன்றில் அச்சுக் கழுவிக்கொண்டிருந்தவர். அதை மூடியதும் ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கூடவே ஒரு கோப்பையின் வெள்ளைச் சாந்து அச்சும் வந்தது.

கீழ்நாட்டில் புதிதாகத் திறக்கும் தொழிற்சாலையில், அச்சில் ஊற்றும் மண்குழம்பு சேர்க்கத் தெரிந்தவருக்கு வேலையாம். செய்த சாமான் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "மாசக் கடைசிக்குள்ள ஆகலன்னா தோட்டத்து செக்ரோல்ல பேரப் பதிஞ்சு மலை வேலைக்குப் போயிரு" என்று அப்பா கெடு வைத்தார். சித்தப்பாவுக்கு மலையில் காலைக் கடிக்கும் அட்டையைக் கண்டாலே உடம்பு கூசும்.

வெள்ளை மண்ணும் படிகக் கல்லும் அம்மாவின் அம்மியில்தான் அரைபட்டன. நாங்கள் சம்பலைப் பயந்து பயந்து மென்றோம்.

"தம்பி, இது சோறு திங்கிற வீட்டு அம்மி!"

"கழுவிட்டேங்க அண்ணி" என்பார். கழுவியிருக்க மாட்டார்.

குழம்பு மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. கெட்டியாக இருந்தால் அச்சுக்குள் இறங்காது. தண்ணீர் விட்டால் இறங்கும்; காயும்போது கோப்பை வெடித்துவிடும். சலவைச் சோடா போட்டும் பெரிதாகப் பலனில்லை. கெடு முடிய மூன்று நாள் இருக்கையில், கழுநீர் வாளி என்று நினைத்து அம்மா கேத்தலில் மிஞ்சிய தேத்தண்ணியை மண்குழம்பு வாளியில் ஊற்றிவிட்டாள். சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு மனம் கேளாமல் ஒரு குச்சியால் கிண்டினார். ஒரு வாய் தேத்தண்ணிதான், ஆனால் குழம்பு பாலேடு மாதிரி வழிந்தது.

"அண்ணி, தேயிலைச் சாயத்துலதாங்க இருக்கு சங்கதி!"

அம்மா அன்றுதான் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

தேயிலை காயவைக்கும் ஸ்டோர் அடுப்பில் சுட்டெடுத்த கோப்பை வெள்ளை வெளேரென்று இருந்தது. என்னைத் தொடவிடவில்லை. பஞ்சில் சுற்றிக்கொண்டு அவர் ரயிலேறியதும், கோப்பை போயிற்றே என்று அழுதேன்.

இரண்டாம் நாளே திரும்பிவிட்டார். "குழம்பு நல்லாருக்குன்னாங்கண்ணே. பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கான்னாங்க. இல்லன்னேன். பத்திரமில்லாத தோட்டத்து ஆளுக்கு வேலையில்லன்னுட்டாங்க."

"இங்கதானேடா பொறந்த" என்று மட்டும் சொன்னார் அப்பா.

நான் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "இது எனக்கா சித்தப்பா?"

"ஒனக்குத்தாம்மா. வச்சுக்க."

மெருகு பூசாத கோப்பை. தேத்தண்ணி கசிந்து பாவாடை நனைந்தது. எனக்கென்ன? கோப்பையும் வந்துவிட்டது, சித்தப்பாவும் வந்துவிட்டார். அன்று எங்கள் வீட்டில் துள்ளிக் குதித்தவள் நான் ஒருத்திதான். மறுநாள் விடிந்ததும் அவர் அப்பாவின் பின்னால், மலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்டார். வாசலில் நின்று கோப்பையை உயரத் தூக்கிக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அவர்மேல் எனக்கு ஒரே கோபம்.