அட்ஜஸ்ட் பண்ணிக்க, குப்பு

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆளுக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். அட்ஜஸ்ட். சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் சொன்னால், மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்காக இடுப்பை ஒடுக்கு என்று அர்த்தம். கல்யாணப் பந்தியில் சொன்னால் அப்பளம் தீர்ந்துவிட்டது. தையல்காரர் சொன்னால் ஜாக்கெட்டின் அளவு தப்பிவிட்டது. மீன் விற்கிற நாங்களே சொன்னால், தராசு முள் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், கண்டுகொள்ளாதே. புருஷன் இல்லாத பொம்பளையிடம் சொன்னால் மட்டும், வாயை மூடு.

இந்தக் கடைசி அர்த்தத்தை எங்கள் ஊரில் மாற்றியவள் என் அண்ணி குப்பு. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், இதிலென்ன ஒளிவு மறைவு?

கடலூருக்கும் கிள்ளைக்கும் நடுவே, கடலை ஒட்டி எங்கள் ஊர். பேர் வேண்டாம், சில பேருக்குப் பொத்துக்கொண்டு வரும். என் பெரிய அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அண்ணிக்குக் கையில் இருந்தது ஒரே பெண், தமிழினி. மறுமாதமே அண்ணி மீன் கூடையோடு சிதம்பரம் பஸ் ஏறினாள். கூடை நாறுகிறது என்று பின்னால் தள்ளுவார்கள். சீட்டு காலியாக இருந்தாலும், "அட்ஜஸ்ட் பண்ணி நில்லும்மா" என்பார்கள். நின்றாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"ஒனக்கு வாயே இல்லியா அண்ணி?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அது பஸ்ஸு, லோகு. எறங்கிட்டா முடிஞ்சிபோச்சி. எறங்க முடியாத எடம் வந்தா பாத்துக்கலாம்" என்றாள்.

அந்த இடமும் வந்தது. 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் புகுந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபின், தகரக் கொட்டகைகளில் வெந்துகொண்டு கிடந்தோம். 2006இல் ஒரு தொண்டு நிறுவனம் கான்கிரீட் வீடு கட்டித்தர வந்தது. யார் யாருக்கு வீடு என்பதை ஊரே சொல்லட்டும் என்றார் அவர்களுடைய என்ஜினீயர் ராபர்ட் சார். எங்கள் ஊர்த் தலைவரை நாட்டார் என்போம். அப்போது சுப்பிரமணியன் நாட்டார். வரி கட்டுகிற ஆளுக்கு வீடு என்று அவர் சொல்லிவிட்டார்.

இது சர்க்கார் வரி இல்லை. கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் ஊருக்கும் அம்மன் கோயிலுக்கும் கட்டுவது. வரி இருந்தால்தான் அது ஒரு குடும்பம். புருஷன் செத்தால் வரியை எடுத்துவிடுவார்கள். அண்ணிக்கும், "பாவம், தாலியறுத்தவகிட்ட என்னாத்த வாங்குறது" என்று இரக்கப்பட்டுத்தான் எடுத்தார்கள். அந்த இரக்கம் இப்போது வீட்டையும் சேர்த்து எடுத்துவிட்டது.

"எங்களுக்கு வர்ற ஊட்டுலயே இருந்துக்க அண்ணி, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றான் என் தம்பி கண்ணாயிரம். அவன் மனசில் கள்ளம் கிடையாது. அவன் பெண்டாட்டி தங்கம்மாள்தான் தமிழினியைப் பார்த்து, "அப்பாடா, பாத்திரம் கழுவ ஆளாச்சி" என்று சிரித்தாள். வேடிக்கையாகச் சொன்னாளாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கொண்டையைப் பிடித்திருப்பேன். அண்ணி என் கையை அழுத்திக்கொண்டாள். தன் பெண் இன்னொருத்தி வீட்டில் அண்டிப் பிழைக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

நேராக நாட்டாரிடம் போனோம். "ஊர்க்கட்டுப்பாடு. ஒனக்காவ மாத்த முடியுமா? அட்ஜஸ்ட் பண்ணிக்க, குப்பு" என்றார் அவர். ராபர்ட் சார், "ஊர்ல பேசி முடிச்சிட்டு வாங்கம்மா" என்று கைவிரித்தார்.

அந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கு வரி வைக்கும் நாள் வந்தது. ஆம்பளைகள் ஒவ்வொருவராக அம்மன் முன்னாலிருக்கும் தட்டில் பணம் வைப்பார்கள், பூசாரி கற்பூரம் காட்டுவார். கற்பூரம் காட்டிவிட்டால் அது அம்மன் பணம். யாரும் திரும்ப எடுக்கக் கூடாது. பொம்பளைகள் நாங்கள் வெளியே வாசலில் நிற்போம். என் பக்கத்தில் நின்ற அண்ணியைக் காணோம். பார்த்தால், ஆம்பளைகளுக்கு நடுவே நடந்துபோகிறாள்! சுருக்குப் பையை அவிழ்த்தாள், தட்டில் வைத்தாள். பூசாரி பழக்க தோஷத்தில் கற்பூரத்தைச் சுற்றிவிட்டார்.

"எடு அத!" என்று கத்தினார் நாட்டார்.

"நான் எடுக்க மாட்டன். ஆத்தா முன்னாடி வச்சத எடுக்குற கை எதுன்னு ஊரு பாக்கட்டும்."

ஒரு கையும் அசையவில்லை.

"பொம்பள வரி கட்டுற பழக்கம் இங்க இல்ல, குப்பு."

"தெரியும் நாட்டாரே. இந்த ஒரு தடவ பழக்கத்த அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான்தான்.

நாட்டார் இறங்கிவந்தார். "சரி, அர வரின்னு வச்சிக்குவம். கண்ணாயிரம் ஊட்டுல ஒரு ரூம் ஒனக்கு."

"அர வரிக்காரி மேல மழ பாதிதான் பேயுமா? முழுசா வச்சிருக்கன். முழுசா எழுதுங்க."

"வரின்னா பணம் மட்டுமில்ல. திருவிழா வேலைக்கு ஆள் வரணும்."

"வர்றன்" என்றாள்.

மறுநாள் பந்தல்கால் நடக் கடப்பாரையோடு போய்க் குழி தோண்டினாள். ஆம்பளைகள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் வெட்கம் வந்து அவர்களும் இறங்கினார்கள். திருவிழா முடிகிறவரை எல்லா வேலைக்கும் போனாள். அவளைப் பார்த்துப் புருஷன் இல்லாத இன்னும் இரண்டு பேர் வரியோடு வந்து நின்றார்கள். கொடி இறக்கிய அன்று நாட்டார் ராபர்ட் சாரைக் கூப்பிட்டு, "குப்பு ஒரு வரி, எழுதிக்குங்க" என்றார். அவர் முகம் இஞ்சி தின்ற மாதிரி இருந்தது. இருக்கட்டுமே!

2008இல் வீடு வந்தது. வாசல் நிலைக்கு மேலே 'குப்பு' என்று பெயிண்டில் எழுதியிருந்தார்கள். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. "இன்னொரு தபா படி லோகு" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். படிக்கப் படிக்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. கண்ணாயிரம் மகனுக்குக் கல்யாணம் செய்து தன் வீட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கீற்றுக்கொட்டகை போட்டுப் பெண்டாட்டியோடு இருந்தான். விடிகாலைக் காற்றில் கொட்டகை பறந்துவிட்டது. மகன் வீட்டில் சம்பந்தி ஜனம் நிரம்பிக் கிடந்தது. நானும் அப்போது அண்ணி வீட்டில்தான் இருந்தேன். கதவைத் தட்டினார்கள். சொட்டச் சொட்ட நனைந்து கண்ணாயிரம் நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு தங்கம்மாள்.

"அண்ணி... எடம் இருக்குமா?"

பாத்திரம் கழுவ ஆள் வந்தாச்சு என்று சொல்ல என் நாக்கு துறுதுறுத்தது. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் கதவை அகலத் திறந்து தங்கம்மாளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"என் ஊடுதான? வாங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."