நாடி நோட்டு

கிளினிக் நர்ஸ் சண்முகவடிவு மிஸ்ஸுக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. மாத்திரை போட்டாச்சு என்று நோயாளி சொன்னால் வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். லிந்துலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த அவள் அம்மா, தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்க்காமல் நகர்ந்ததே இல்லை; அந்த ரத்தம் எங்கே போகும்! கிளினிக்கில் இவளுக்குப் ‘போலீஸ் மிஸ்’ என்றே பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று காலை டயகமவிலிருந்து பொன்னையாவும் மனைவி பரிமளமும் வந்தார்கள். பொன்னையா நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து ஒரு மாதமாகிறது. நாடித் துடிப்பு அறுபதுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி அது. இரண்டு வாரத்துக்கு முன் தையல் பிரித்த அன்று, தினமும் நாடியை எண்ணி நோட்டில் எழுத வேண்டும், குறைந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நோட்டைப் பிரித்ததும் மிஸ்ஸுக்குப் பொறி தட்டியது. எழுபத்தாறு, எழுபத்தெட்டு, எழுபத்தைந்து. பதினாலு நாளும் ஒரே பேனா, ஒரே அழகு. ஆளோ சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிஷம் எண்ணினாள். நாற்பத்திரண்டு! அவளுக்குப் பகீரென்றது. அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, டாக்டருக்கு ஆள் அனுப்பினாள்.

“உண்மையச் சொல்லுங்கக்கா. பஸ்ல உக்காந்து எழுதுனதுதான இது?”

“மாரியம்மா சத்தியமா எண்ணித்தாங்க மிஸ் எழுதுனேன்! தல சுத்துதுன்னு ரெண்டு நாளா சொன்னாரு. நோட்டுல எழுபத்தெட்டு இருக்கு, சும்மா படுங்கன்னு நான்தான் அதட்டுனேன்.”

“எங்க, எண்ணிக் காட்டுங்க.”

பரிமளம் கட்டைவிரலைக் கணவனின் மணிக்கட்டில் அழுத்தி, வாய்விட்டு எண்ணினாள். எழுபத்தேழு. பொய்யில்லை. கட்டைவிரலுக்குள்ளேயே ஒரு நாடி ஓடுகிறது. பாவி மனுஷி இத்தனை நாளும் எண்ணியது தன்னுடைய நாடியை.

“யாரு கட்டவெரல வைக்கச் சொன்னது?”

“தையல் பிரிச்ச அன்னைக்கு நீங்கதான மிஸ், கையப் புடிச்சு எண்ணுங்கன்னீங்க. எந்த வெரல்னு சொல்லலையே.”

சொல்லவில்லைதான். அன்று வாசல்வரை வரிசை, அவளுக்கு அவசரம். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்குத் தன்மேல் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வெட்கத்தில் முகம் சுட்டது.

டாக்டர் வந்து ஈசிஜி எடுத்தார். பேஸ்மேக்கரின் வயர் நகர்ந்திருக்கிறது, உடனே கண்டிக்கு ஆம்புலன்ஸ் என்றார். பிறகு நோட்டைப் புரட்டிவிட்டுப் பரிமளத்தை முறைத்தார்.

“இத பொய்யா எழுதுனது யாரு?”

பரிமளத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவங்க எழுதுனது பொய்யில்ல சேர்,” என்றாள் மிஸ். “நான்தான் எண்ணச் சரியா சொல்லிக்குடுக்கல.”

“இப்படி வேற யாருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தீங்க?”

மிஸ் கிளினிக் பதிவேட்டை இழுத்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தாள்.

“இன்னும் பதினோரு பேரு சேர்.”