என் ஈரலும் ஒரு தலைமை எழுத்தர்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் எடை எண்பத்தொன்பது கிலோ. தென்காசி ரயில் நிலையத்து எடை இயந்திரம் அதைச் சின்ன அட்டையில் அச்சடித்துத் தந்தது. பின்பக்கம், ‘உங்களைத் தேடி உயர்வு வரும்’ என்று போட்டிருந்தது. வந்தது, சர்க்கரையில்.

அப்போது நான் தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தர். டாக்டர் என்னைப் படுக்கவைத்து, வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தினார். எங்களுக்கு அன்று ஸ்கேன் என்பது அந்த நான்கு விரல்கள்தான்.

“மூச்சை இழுங்க அண்ணாச்சி. ம்... ஈரல் ரெண்டு விரக்கடை கீழ எறங்கிக் கெடக்கு. பூரா கொழுப்பு.”

“நான் குடிக்கதில்லையே சார்.”

“குடிக்கல. தின்னுதீங்கள்லா?”

பிறகு விளக்கினார். என் உடம்பில் இன்சுலின் சுரக்காமல் இல்லை. ‘சர்க்கரையை வெளியே விடாதே’ என்று அது ஈரலுக்குச் சொல்கிறது. கொழுப்பேறிய ஈரல் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், நான் பட்டினி கிடந்தாலும் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. எடை குறைந்தால் முதலில் கரைவது ஈரல் கொழுப்பு. அதற்குப் பின் ஈரல் சொல் கேட்கும்.

எனக்கு உடனே புரிந்தது. மேலிடத்திலிருந்து ஆணை வருகிறது. வாங்கியவர் கோப்புக் கட்டுக்கு அடியில் செருகிவிட்டு வெற்றிலை போடுகிறார். அந்த வேலையை இருபது வருடமாக நான்தானே செய்துகொண்டிருந்தேன்.

“ஆறு மாசம் தாரேன். பத்து கிலோ எறங்கணும். இல்லன்னா தெனமும் ரெண்டு ஊசி” என்றார்.

அன்று ஊசி என்றால் வீட்டிலேயே கண்ணாடிக் குழலை வெந்நீரில் கொதிக்கவைத்துக் குத்திக்கொள்வது. நானோ, காலரா ஊசி போட அலுவலகத்துக்கு வந்தவர்களிடம், எனக்குப் போட்டாயிற்று என்று நானே சான்று எழுதி நீட்டியவன்.

முதல் இரண்டு மாதம் குற்றாலத்தை நம்பினேன். சீசன் நேரம். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீர் முதுகில் அடித்தால் கொழுப்பு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அருவியில் குளித்தால் எப்படிப் பசிக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. குளித்த கையோடு பஸ் ஏறிப் புளியறை சாலையோரக் கடையில் பரோட்டா. அடுத்த அட்டையில் தொண்ணூற்றொன்று.

மூன்றாம் மாதம் அலுவலக நடைமுறைக்குத் திரும்பினேன். சர்க்கரை பார்க்க, நீல மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு வீட்டிலேயே காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது; பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் மோசம். கட்டம் போட்டு ஒரு பதிவேடு திறந்தேன். ஆய்வுக்கு அதிகாரி வருவதற்கு மூன்று நாள் முன்பு அலுவலகத்தைத் துடைத்து வைப்பதுபோல, டாக்டரைப் பார்க்க மூன்று நாள் இருக்கும்போது மட்டும் அரைப்பட்டினி. மற்ற நாட்களின் கட்டங்களை ஊகத்தில் நிரப்பினேன். எல்லாம் நீலம்.

டாக்டர் நோட்டைத் தொடவே இல்லை. விலாவுக்குக் கீழே அழுத்தினார்.

“ஈரல் அங்கனயேதான் கெடக்கு அண்ணாச்சி. இன்னும் மூணு மாசந்தான்.”

அன்று மத்தியானம் இரண்டாம் தடவை சோறு கேட்டேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எழுதிக் குடுங்க.”

“என்னட்டி?”

“ஊரெல்லாம் மனு எழுதிக்கிட்டு ஒங்க முன்னால வந்து நிக்குதுல்லா? நீங்களும் எழுதுங்க. பாத்துச் சொல்லுதேன்.”

வேறு யாராவது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார்கள். நான் கையைக் கழுவிவிட்டு, பொருள், பார்வை எல்லாம் போட்டு, ‘ஒரு கரண்டி சோறு வழங்கக் கோருதல்’ என்று எழுதினேன். அவள் படித்தாள்.

“காரணம் சரியாச் சொல்லல. திருப்பி அனுப்பியாச்சு.”

எத்தனை மனுவை எப்படித் திருப்பினேன் என்று தினமும் சாப்பிடும்போது நான் அளந்ததையெல்லாம் அவள் கேட்டு வைத்திருந்தாள். இணைப்பு இல்லை, தேதி இல்லை, முந்தைய மனுவைக் குறிப்பிடவில்லை: எல்லாம் என் சரக்கு. அவள் தந்தது ஒரு கரண்டி சோறு, தட்டு நிறைய அவரைக்காய், மோர். அதிரசத்துக்கு நான் எழுதியவை பதினாறு மனு. ஒன்றுகூட அனுமதி பெறவில்லை. மனு எழுதி முடிப்பதற்குள் பாதிப் பசி அடங்கிவிடும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். அலுவலகத்துக்கு வந்தவர்களுக்கும் அப்படித்தான் அடங்கியிருக்கும்போல.

ஆறாம் மாதக் கடைசியில் எடை எண்பது. மூன்று நாள் பட்டினி கிடக்காமலே நிறம் நீலம். ஆனால் எண்பத்தொன்பதிலிருந்து பத்து குறைந்தால் எழுபத்தொன்பது அல்லவா? ஒரு கிலோ பாக்கி. நானாக இருந்தால் அந்தக் கோப்பைத் திருப்பியிருப்பேன். வியர்க்க வியர்க்க டாக்டரின் கட்டிலில் படுத்துக்கிடந்தேன்.

டாக்டர் அழுத்தினார். இன்னும் ஆழமாக அழுத்தினார்.

“ஈரல் கைக்குத் தட்டல. ஊசி வேண்டாம், போங்க.”

“சார், ஒரு கிலோ...”

“அது கெடக்கட்டும்யா!”

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியிடம் சொன்னேன். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல நேரம் என்று பட்டது. பதினேழாவது மனுவை எழுதி நீட்டினேன்.

“டாக்டர் சீட்டு எங்க?” என்றாள். “இணைக்கலையே.”