வெள்ளைக்காரியாக நடித்த எஸ்தர்

எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் நாடகம் என்றால் அது வேதாகமக் கதைதான். ஒரு வருஷம் யோசேப்பைக் குழியில் தள்ளுவோம், மறு வருஷம் தானியேலைச் சிங்கங்களிடம் விடுவோம். சிங்கமாக வருவதற்குத்தான் எப்போதும் போட்டி இருக்கும். எனக்குப் பத்து வயதான கோடை விடுமுறையில் மட்டும் நாடகம் அமெரிக்காவில் நடந்தது. அதற்குக் காரணம் என் மாமா.

மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காகப் போராடிய ஒரு போதகரைச் சுட்டுக் கொன்றார்கள். பேப்பரில் வந்த படத்தை அம்மா மாவு சலித்த கையோடு தொட்டுப் பார்த்து அழுதாள். அங்கே கறுப்புப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஒரு குழாயும் வெள்ளைப் பிள்ளைகளுக்கு வேறு குழாயும் வைத்திருந்தார்கள் என்று மாமா சொன்னபோது, இப்படியும் மனுஷர் உண்டா என்று கேட்டாள். அம்மா பொய்யாக அழுகிறவள் அல்ல. அன்று குடும்ப ஜெபத்தில் முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்காக வெகுநேரம் மன்றாடினாள்.

மாமா இரண்டே நாளில் நாடகத்தை எழுதிவிட்டார். கறுப்புச் சிறுமி ஒருத்தி தாகத்தோடு வருகிறாள். குழாயடியில் நிற்கும் வெள்ளைச் சிறுமி அவளை விரட்டுகிறாள். விரட்டப்பட்டவள் மண்டியிட்டுப் பாடி அழுகிறாள். தேவதூதன் வந்து இருவர் கைகளையும் சேர்த்து வைக்கிறான். நாடகம் முடிந்ததும் சபையார் எல்லோரும் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதும் மாமாவின் திட்டம். கைதட்டிவிட்டுக் கலைந்து போனால் என்ன பிரயோஜனம் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறார். கமிட்டியில் மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊருக்கே அவர் பெரிய சார். அமெரிக்காவைப் பற்றித்தானே, தாராளமாகப் பேசலாம் என்று அவர் அனுமதி கொடுத்தார்.

அழுகிற வேஷத்தை நான் அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். வெள்ளைச் சிறுமிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அது கெட்டவள் வேஷம். தன் பெண் சபைக்கு முன்னால் கெட்டவளாக நிற்பதை எந்த அம்மாவும் விரும்பவில்லை. கடைசியில் மாமா அதை எஸ்தருக்குக் கொடுத்தார். அவளுக்காக யாரும் வந்து ஆட்சேபிக்கவில்லை.

எஸ்தர் என் வகுப்புதான். ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. அவள் அப்பா தண்டவாளம் சரிபார்க்கும் கேங்மேன். அவள் அம்மா காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்துக் கொடுப்பார். அவர்களும் எங்கள் சபைதான், எங்கள் பாட்டுப் புத்தகம்தான். ஆலயத்தில் நாங்கள் பெஞ்சில் உட்காருவோம். காலனிக்காரர்கள் பின்னால் விரித்த பாய்களில் உட்காருவார்கள். பெஞ்சு போதவில்லை என்று காரணம் சொல்வார்கள். அடைமழை நாட்களில் பாதிப் பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் பாயில் இருந்தவர்கள் பாயிலேயே இருந்தார்கள். ஆலயம் என்றால் முன்னால் பெஞ்சும் பின்னால் பாயும் இருக்கும், அதுதான் ஆலயம் என்று நான் நினைத்திருந்தேன்.

எஸ்தருக்கு நல்ல ஞாபகசக்தி. நீளமான சங்கீதங்களைத் திக்காமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். அப்படிப்பட்டவளுக்கு அந்த ஒரே வசனம் வரவில்லை. "கறுப்பு நிறத்தவளே, இது எங்கள் குழாய். உன் நிழலும் இதில் படலாகாது, விலகிப் போ" என்று மாமா எழுதியிருந்தார். "கறுப்பு நிறத்தவளே" என்று தொடங்குவாள், என்னைப் பார்ப்பாள், நின்றுவிடுவாள். அவள் என்னைவிடக் கறுப்பு என்பதால் மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு வாரம் ஒத்திகை இப்படியே போனது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் விரட்டினால்தானே நான் அழ முடியும்?

மாமா பொறுமைசாலி. கடைசி ஒத்திகையன்று அவளைத் தனியே அழைத்து, எழுதியிருப்பதை விட்டுவிடச் சொன்னார். "தண்ணி கேக்கறவங்கள ஒருத்தி எப்படித் தள்ளி நிறுத்துவான்னு நெனச்சுப் பாரு. உனக்கு எப்படி வருதோ அப்படிச் சொல்லும்மா" என்றார். எஸ்தர் தலையாட்டினாள்.

நாடகம் ஒரு சனிக்கிழமை மாலை ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில். எனக்கு அம்மாதான் வேஷம் போட்டாள். அடுப்புக்கரியைப் பொடித்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து, கண்ணில் பட்டுவிடாமல் மெதுவாகத் தடவினாள். "பாவம், அந்தப் பிள்ளைகள நெனச்சுக்கிட்டே பாடு" என்று சொல்லி அனுப்பினாள். எஸ்தருக்கு யாரோ கொடுத்த பழைய கவுனை மாட்டி, முகம் நிறையப் பவுடர் அப்பியிருந்தார்கள். வியர்வையில் அது கழுத்துவரை கோடு கோடாக வழிந்தது.

ஆலயத்துப் பெஞ்சுகளைத் தூக்கி வந்து போட்டிருந்தார்கள். அம்மா இரண்டாவது பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். பின்னால் பாயில் எஸ்தரின் பெற்றோர். நான் தள்ளாடியபடி மேடைக்கு வந்து, தாகம் தாகம் என்று சொன்னேன். கூட்டத்தில் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. குழாய் மாட்டிய மரக்கட்டைக்குப் பக்கத்தில் எஸ்தர் செம்போடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். இந்த முறை நிற்கவில்லை.

"அங்கனயே நில்லு தாயி. படி ஏறாத. கைய ஏந்து, மேல இருந்து ஊத்துதேன். செம்புல கை படக் கூடாது, என்ன?"

முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. தாம்பரத்துப் பிள்ளை வாயில் திருநெல்வேலிப் பேச்சு அப்படியே வந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். மாமாவின் பேச்சுகூடக் கல்லூரிக்கு வந்து மாறிவிட்டது; எங்கள் சபையில் இன்னும் அப்படிப் பேசுகிறவள் என் அம்மா ஒருத்திதான். அந்த இழுப்பு, கடைசியில் பிரியமாகச் சேர்க்கிற "என்ன", எல்லாம் அம்மாவேதான். எஸ்தர் விரட்டும் குரலில் சொல்லவில்லை. அம்மாவும் விரட்டும் குரலில் சொல்வதில்லை. காலை வேலை முடிந்ததும் எங்கள் பின்வாசலில் எஸ்தரின் அம்மா தண்ணீர் கேட்பார். அம்மா இதைச் சொல்வாள். விடுமுறை நாட்களில் எஸ்தரும் கூட வந்து தன் அம்மாவுக்குப் பின்னால் நின்று கையை ஏந்துவாள். தினமும் கேட்டுப் பழகிய எனக்கு அது காதிலேயே விழுந்ததில்லை.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. எஸ்தர் செம்பை உயர்த்தி என் கைகளில் தண்ணீர் ஊற்றினாள். மாமா எழுதியதில் தண்ணீரே கிடையாது. கரி கரைந்து முழங்கையில் வழிய, நான் திருதிருவென்று விழித்தேன். பாட்டு மறந்துவிட்டது. தேவதூதன் வரலாமா கூடாதா என்று தெரியாமல் ஒதுக்குப்புறத்தில் சிறகோடு நின்றுகொண்டிருந்தான். யாரோ திரையை இழுத்தார்கள்.

நாடகம் முடிந்தபின் கலந்துரையாடல் என்று மாமா அறிவித்திருந்தார். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பெரிய சார் எழுந்து, அமெரிக்கக் கதைக்குள் சபையாரின் வீட்டு விஷயத்தை நுழைப்பது ஒழுங்கல்ல என்றும், பிள்ளைக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்போது எஸ்தரின் அம்மா பாயிலிருந்து எழுந்தார். கைகளைக் கூப்பியிருந்தார். "சின்னப் பொண்ணு, தெரியாம உளறிட்டா. மன்னிச்சிக்கோங்கம்மா" என்று என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு எஸ்தரை அடிக்கக் கை ஓங்கினார்.

அம்மா எழுந்தாள். அதுவரை அவள் சபையில் எழுந்து பேசியதே இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"பிள்ளைய ஏன் அடிக்க? அவ பொய் சொல்லலியே" என்றாள். "அது நாஞ் சொல்லுததுதான்."

அப்பா அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பிறகு பாயிலிருந்து எஸ்தரின் அப்பா எழுந்து, பேசணும்னு சொன்னீங்களே, பேசலாமா ஐயா என்று போதகரிடம் கேட்டார். போதகர் சரி என்றார்.

"அமெரிக்காவுல இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. இந்தக் கோயில் கட்டசொல்லோ செங்கல் தூக்கினவன் நானு. அன்னிக்கி என் கை பட்ட செவுருதான் இது. இன்னிக்கிம் நாங்க பாயிலதான் குந்தினு கீறோம். ஏன்னு யாராச்சும் சொன்னா கேட்டுக்குவேன்."

நேரமாகிவிட்டது என்றார் பெரிய சார். போதகர் ஜெபம் செய்தார். வழக்கத்தைவிட நீண்ட ஜெபம். கண்ணைத் திறந்து பார்த்தபோது பின்வரிசைப் பாய்கள் காலியாக இருந்தன.

மறுநாளிலிருந்து எஸ்தரின் அம்மா வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அம்மா வெயில் ஏறுமுன் தண்டவாளத்தைத் தாண்டிக் காலனிக்குப் போனாள். போய் வெகுநேரம் கழித்து வந்தாள். என்ன பேசினார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. வர மாட்டாளாம் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிட்டு, பாத்திரங்களை எடுத்துப்போட்டுத் தானே தேய்க்க உட்கார்ந்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரையும் வேலைக்கு வைக்கவில்லை. மாமாவை ஓய்வுநாள் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் யோசேப்பு மறுபடியும் குழிக்குள் போனான். பாய்களைச் சுருட்டி எடுக்க இன்னும் இரண்டு போதகர்கள் வர வேண்டியிருந்தது. அதற்குள் பெரிய சார் இறந்துவிட்டார். எஸ்தரின் அப்பாவும் இல்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு சேர்த்துப் புரிந்துகொண்டவை. அந்தக் கோடையில் எனக்கு இருந்தது ஒரே ஒரு துக்கம். இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் நின்று அழுது பழகிய பாட்டை ஒருவரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ரயில்வே கேட் அருகே எஸ்தரைப் பார்த்தேன். கேட் மூடியிருந்தது. நான் அவளோடு பேசக் கூடாது என்று ஒரு மாதமாக முடிவு செய்திருந்தேன், பார்த்ததும் கேட்டுவிட்டேன். எதற்காக எங்கள் அம்மா மாதிரி பேசிக் காட்டினாய், எல்லோரும் சிரிக்க வேண்டுமென்றா என்றேன். அவள் பையைத் தோளில் சரி செய்துகொண்டு யோசித்தாள்.

"சார் எழுதினது எனக்கு வர்ல. இதான் மனப்பாடமா தெரியும். அத்த சொல்ட்டேன்" என்றாள்.

என் பாட்டே கெட்டுப்போனது என்றேன். எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தேன் தெரியுமா என்றேன். மின்சார ரயில் எங்கள் முன்னால் ஓடி முடிந்தது. கேட் திறந்தது. "மன்னிச்சிக்கோ" என்றாள்.

அவள் வாயால் அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் ஆறிவிட்டது. போனால் போகட்டும் என்று பெரிய மனது பண்ணி நான் அவளை மன்னித்தேன். இருவரும் சேர்ந்தே தண்டவாளத்தைக் கடந்து வகுப்புக்குப் போனோம்.