தங்கையா அண்ணாச்சி கொடுத்த ரெண்டு கோல்

இன்றைக்கு மத்தியான பஸ்ஸில் பேப்பர் வந்தது. நேற்றைய கால்பந்து தகுதிச் சுற்றில் இந்தியா ரெண்டு கோல் வாங்கித் தோற்றிருக்கிறது. போட்டது ஒன்றுமில்லை.

நாங்களோ நேற்றே சித்திரபுரம் டீக்கடை முன்னால் வெற்றிக்கு வெடி போட்டு முடித்துவிட்டோம்.

ரேடியோ வர்ணனை இந்தியில். எங்களில் இந்தி தெரிந்தவர் பட்டாளத்திலிருந்து வந்த தங்கையா அண்ணாச்சி மட்டும்தான். ‘கோல்’ என்று ரெண்டு தரம் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. யார் போட்டது என்று அவர்தான் சொல்ல வேண்டும். ரெண்டு தரமும் "நம்மாளு" என்றார். அவரைத் தோளில் தூக்கிச் சுற்றியது நான்.

பேப்பரை அவர் முன்னால் விரித்தேன். "என்ன அண்ணாச்சி இது?"

நிதானமாகப் படித்தார். "அத்தன பேரும் என் வாயவே பாத்துக்கிட்டு இருந்தீக. தோத்துட்டோம்னு எப்பிடிலே சொல்ல?"

த்தூ. இதுவும் ஒரு டீம், இவரும் ஒரு மனுஷன்.

நான் திட்ட வாயைத் திறப்பதற்குள் டீக்கடைக்காரர் கேட்கிறார்: "ஞாயித்துக்கிழம அடுத்த மேட்ச். வந்துருவீகள்ல அண்ணாச்சி?"

அதைவிடக் கேவலம், எனக்கும் ரேடியோ பக்கத்தில் இடம் போட்டு வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் ஊரில் நேற்று யார் ஜெயித்தார்கள்?