கெளை விட்ட கல்லு

பாஸ்கரு போயிட்டான்...

நம்ம திருவண்ணாமலை ரோட்டுல கலர் மீன் கடை வச்சிருந்தானே, அவன்தான். நேத்து விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னு எழுந்து உக்காந்திருக்கான். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

எம் புள்ள வயசு.

எங்க வூட்ல உப்புத்தண்ணித் தொட்டி இருக்கறது இந்த குரூப்புல எல்லாருக்கும் தெரியும், அத்தனை போட்டோ போட்டிருக்கேன். கடல் படிப்பு படிச்ச என் பேத்தி வேலைக்குப் போகும்போது விட்டுட்டுப் போனது. அஞ்சாவதோட நின்ன எனக்கு அதைப் பழக்கி விட்டது பாஸ்கருதான்.

"செஞ்சியில மலதான்டா இருக்குது, கடலுக்கு எங்க போவேன்"னு கேட்டேன். உப்பு கலந்த தண்ணிய கேன்ல அடைச்சு வண்டியில கொண்டாந்து எறக்கிட்டு, "இந்தா ஆயா கடலு. மூடிய மெதுவா தொற, அலை அடிக்கும்"னான்.

மொத மொத கண்ணாடில ரோஸ் கலர்ல புள்ளி புள்ளியா வந்துச்சு. கறைன்னு நெனச்சு என் மருமவ பித்தளை தேய்க்கிற புளிய எடுத்துக்கிட்டு வந்துட்டா. போன்ல சொன்னதும் அவன் கத்துனான் பாருங்க... "ஆயா! மொதல்ல அந்தப் புளிய கீழ வைக்கச் சொல்லு!"

அது கோரலைன் பாசியாம். பாசிதான், ஆனா உடம்பு பூரா சுண்ணாம்பு. புளிப்பு பட்டா கரைஞ்சிடுமாம். அவன் தொட்டியில இருந்து சுரண்டி எடுத்தாந்து தூவிட்டுப் போனதுதான் மொளைச்சிருக்குது.

அப்புறம் எப்ப வந்தாலும் டார்ச்சு அடிச்சுப் பாப்பான். கண்ணாடில குங்குமம் கொட்டுன மாதிரி வட்டமா ஒட்டிக்கிட்டிருக்கும். கல்லு மேல பெயிண்ட் அடிச்ச மாதிரி பரவி, சில எடத்துல ஜவ்வரிசி கணக்கா முண்டு முண்டா எழும்பும். மோட்டாருக்குப் பின்னால நெழல்ல தகடு தகடா, காது மடல் மாதிரி விளிம்பைத் தூக்கிக்கிட்டு நிக்கும்.

"எல்லாம் ஒரே பாசியாடா?"

"சிலது வேற வகை ஆயா. சிலது ஒண்ணேதான், வெளிச்சமும் தண்ணி ஓட்டமும் மாறுனா வளத்தியே மாறிடும். உம் புள்ளைங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரியா இருக்காங்க?"

"எம் புள்ளைங்கள ஏன்டா இழுக்கற?"

ஒண்ணு மட்டும் எங்கிட்ட வரவே இல்ல. கெளை. அவன் வூட்டு முன் ரூம்ல ஆசைக்குன்னு ஒரு தொட்டி, மீனே இல்லாம கல்லும் பாசியும் மட்டும். அதுல ஒரு கல்லுல வெரலு வெரலா கெளை விட்டிருந்துச்சு. ஒரு துண்டு ஒடைச்சுக் குடுடான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். "இன்னா ஆயா, புள்ள வெரல ஒடைக்கச் சொல்ற... இன்னும் கொஞ்சம் வளரட்டும்"பான்.

நேத்து அவனை எடுத்ததும் வூட்டுக்கு வந்து தலைக்கு ஊத்திக்கிட்டு, தொட்டி லைட்டைப் போட்டேன். அப்பதான் அவன் தொட்டி நெனப்பு வந்துச்சு. சாவு வூட்ல எடுத்த கையோட, புடிச்சு வச்ச தண்ணியெல்லாம் கொட்டிட்டு வூட்டைக் கழுவி வுடுவாங்களே...

ஈரத் தலையோட ஆட்டோ புடிச்சு ஓடுனேன்.

கொட்டிட்டாங்க. குடம், அண்டா, தொட்டி எல்லாம். கல்லுங்களை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி மாடியில வெயில்ல பரப்பி வச்சிருந்தாங்க. ரோஸெல்லாம் போயி வெளேர்னு கெடந்துச்சு.

யாரைச் சொல்றது? எத்தனை சாவு வூட்ல நானே முன்னால நின்னு "ஒரு சொட்டு வைக்காதீங்கடி"ன்னு சொல்லியிருக்கேன்.

அவன் பொண்டாட்டி செல்வி வீங்குன மொகத்தோட மாடிக்கு வந்தா. கெளை விட்ட கல்லை அவளே எடுத்து என் முந்தானையில வச்சா. "இதை உனக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு ஆயா. ஒடைக்காம, முழுசா."

சாவு வூட்ல இருந்து எதையும் எடுத்தாரக் கூடாது. எடுத்தாந்துட்டேன்.

இப்ப பக்கெட்டுல ஊறுது. பிளீச்சிங் வாசம் சுத்தமா போனதும் என் தொட்டியில, தண்ணி வேகமா அடிக்கிற எடத்துல வைக்கணும். என் பாசி அது மேல ஏறுமா, ஏற எத்தனை மாசம் ஆவும், திரும்ப கெளை விடுமா... இனிமே யாருக்குப் போன் பண்ணிக் கேப்பேன்?

போய்ட்டு வா பாஸ்கரு. புளிய அந்தப் பக்கமே வர வுட மாட்டேன்.